உங்கள் ஊரில் வேளாண் மானியம் யாருக்குப் போகிறது: பயனாளிகள் பட்டியலைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்கும் முறை

எங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தின் வராந்தாவில், விதை மூட்டைகள் அடுக்கியிருந்த இடத்துக்குப் பின்னால், சுவரில் ஒட்டிய ஒரு தாளைத்தான் நான் முதன்முதலில் மானியப் பயனாளிகள் பட்டியலாகப் பார்த்தேன். கீழ்ப்பாதி ஈரத்தில் ஊறிப் பிய்ந்து போயிருந்தது. மேல்பாதியில் எங்கள் ஊராட்சியைச் சேர்ந்த 18 பெயர்கள் இருந்தன. அவற்றில் 4 பெயர்கள் யாருடையவை என்று ஊரில் நான் விசாரித்த எவருக்கும் தெரியவில்லை. அந்த நான்கு பெயர்களைத் தேடிப் போனதில்தான் பட்டியலை எப்படிக் கேட்பது, எப்படிப் படிப்பது, எப்படிச் சரிபார்ப்பது என்பதையெல்லாம் கற்றுக்கொண்டேன். தமிழ்நாட்டில் இந்த வேலையைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் மனத்தில் பதிய வேண்டியது ஒன்று உண்டு. மானியம் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்வது அலுவலர் நமக்குச் செய்யும் சலுகை அல்ல. 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 4(1)(ஆ)-வில், ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் (இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட அரசு அலுவலகம் அல்லது அமைப்பு) யாரும் கேட்காமலே தானாக வெளியிட வேண்டிய தகவல்கள் வரிசையாகச் சொல்லப்பட்டுள்ளன. அவற்றில் பன்னிரண்டாவது இனம், மானியத் திட்டங்கள் எவ்வாறு நிறைவேற்றப்படுகின்றன, அவற்றுக்கு ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு, அவற்றின் பயனாளிகள் யார் என்பதைப் பற்றியது. ஆகவே நாம் மனு எழுதும்போது புதிதாக எதையும் கேட்பதில்லை. ஏற்கெனவே வெளியில் வைத்திருக்க வேண்டிய ஒன்றைத்தான் கேட்கிறோம். இந்த நினைப்போடு அலுவலகப் படியேறுகிறவரின் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

பட்டியலை யாரும் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நம் மாநிலமே 2020-இல் கண்டது. மத்திய அரசு விவசாயிகளுக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை தரும் பிஎம் கிசான் திட்டத்தில் விவசாயிகள் தாங்களாகவே பதிந்துகொள்ளத் திறந்துவிடப்பட்டிருந்த வசதியையும், ஒப்புதல் வழங்கும் அலுவலர்களின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தவறாகப் பயன்படுத்தி, கொரோனா ஊரடங்குக் காலத்தில், நிலமே இல்லாத பல லட்சம் பேர் விவசாயிகளாகச் சேர்க்கப்பட்டார்கள். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட 13 மாவட்டங்களில் இது நடந்ததாகவும், 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்றவர்களின் கணக்குகளில் ஏறத்தாழ ரூ. 110 கோடி போய்ச் சேர்ந்ததாகவும் மாநில அரசே அறிவித்தது. வழக்கு சிபிசிஐடி வசம் போனது. ஒப்பந்தப் பணியாளர்கள் பலர் நீக்கப்பட்டார்கள். பெருந்தொகை திரும்ப வசூலிக்கப்பட்டது. அந்த மாதங்களில் ஒவ்வொரு ஊரிலும் ஒருவராவது தன் கிராமப் பட்டியலைத் திறந்து பார்த்திருந்தால், 200 பெயர் இருந்த ஊரில் 600 பெயர் எப்படி வந்தது என்ற கேள்வி அப்போதே எழுந்திருக்கும். நாடு முழுவதற்குமான நிலை ஒரு தகவல் உரிமை மனுவால்தான் வெளிவந்தது. 2020 ஜூலை வரை தகுதியற்ற 20.48 லட்சம் பேருக்கு ரூ. 1,364 கோடி சென்றிருந்ததையும், அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வருமான வரி செலுத்துகிறவர்கள் என்பதையும், தகவல் உரிமை ஆர்வலர் வெங்கடேஷ் நாயக் கேட்ட மனுவுக்கு மத்திய வேளாண் அமைச்சகமே பதிலாகத் தந்தது.

பணம் யார் கைக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள்

மானியம் என்ற ஒரே சொல்லுக்குள் பல விதமான பணப்போக்குகள் அடங்கியிருக்கின்றன. எது எந்த வழியில் போகிறது என்று தெரியாமல் பட்டியல் கேட்டால், தவறான அலுவலகத்தில் தவறான கேள்வியைக் கேட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.

பிஎம் கிசான் தொகை விவசாயியின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வருகிறது, ஆண்டுக்கு ரூ. 6,000, நான்கு மாதத்துக்கு ஒருமுறை ரூ. 2,000 வீதம் மூன்று தவணை. சொட்டுநீர்ப் பாசனத்தில் அப்படி இல்லை. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. ஆனால் அந்தத் தொகை, கருவிகளை அமைத்துக் கொடுத்த நிறுவனத்துக்குச் செல்கிறது. ஆகவே சொட்டுநீர்ப் பட்டியலைக் கேட்கும்போது விவசாயியின் பெயரோடு நிறுவனத்தின் பெயரையும் விலைப்பட்டியல் தொகையையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் பாதிக் கதைதான் கையில் கிடைக்கும். பவர் டில்லர், ரோட்டவேட்டர் போன்ற கருவிகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை வழங்கும் மானியம் பொதுவாக 40 சதவீதம். சிறு, குறு விவசாயிகளுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண் விவசாயிகளுக்கும் 50 சதவீதம். இதில் சந்தேகம் எழும் இடம் பிரிவுச் சான்றுதான். பெரிய நிலக்காரர் ஒருவர் சிறு விவசாயி சான்றோடு வந்து நிற்பதைப் பட்டியல்தான் காட்டிக் கொடுக்கும்.

பயிர்க் காப்பீட்டில் காரிப் (பருவமழைக்கால) உணவுப் பயிருக்கு 2 சதவீதமும் ரபி (குளிர்கால) பயிருக்கு 1.5 சதவீதமும் ஆண்டுப் பணப்பயிருக்கும் தோட்டக்கலைப் பயிருக்கும் 5 சதவீதமும் வரை விவசாயி பிரீமியம் கட்டுகிறார். மிச்சத்தை மத்திய, மாநில அரசுகள் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டுகின்றன. உர மானியமும் உர நிறுவனத்துக்கே போகிறது. ஒரு 45 கிலோ யூரியா மூட்டையை நாம் ரூ. 266.50-க்கு வாங்குகிறோம் என்றால், உண்மை விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை, கடையில் விற்பனைக் கருவியில் விரல்ரேகை வைத்த பிறகு, உர நிறுவனத்துக்கு அரசு தருகிறது. நாம் வாங்காத மூட்டை நம் ஆதாரின் பேரில் விற்றதாகப் பதிவாகியிருக்கவும் கூடும் என்பதால், ஒவ்வொரு முறையும் ரசீதைக் கேட்டு வாங்கி மூட்டை எண்ணிக்கையைப் பாருங்கள்.

பெயர்வாரிப் பட்டியலே கிடைக்காத பெரிய மானியம் ஒன்று நம் மாநிலத்தில் இருக்கிறது: விவசாய மின் இணைப்புகளுக்கான இலவச மின்சாரம். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பம்ப்செட்டுகளுக்கான தொகையை அரசு மின் பகிர்மானக் கழகத்துக்குத் தருகிறது. பெரும்பாலான இணைப்புகளில் மீட்டர் இல்லாததால், 2 ஏக்கர்க்காரர் எவ்வளவு பயன்படுத்தினார், 40 ஏக்கர்க்காரர் எவ்வளவு பயன்படுத்தினார் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இலவச மின்சாரம் வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். ஆயினும் இல்லாத பதிவேட்டைக் கேட்டு மனுப்போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். அங்கே கேட்கத்தக்கது, புதிய இணைப்புக்காகக் காத்திருப்பவர்களின் மூப்புப் பட்டியல்.

இணையத்தில் இருப்பதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்

தொடங்குவதற்கு எளிதானது பிஎம் கிசான். அதன் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் விவசாயிகளுக்கான பகுதியில் பயனாளிகள் பட்டியல் என்ற இணைப்பு இருக்கிறது. மாநிலம், மாவட்டம், வட்டம், வட்டாரம், கிராமம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் ஊரின் முழுப் பட்டியலும் திரையில் வரும். இதற்குக் கடவுச்சொல் தேவையில்லை. கிராமம் என்று அங்கே இருப்பது பெரும்பாலும் வருவாய்க் கிராமத்தின் பெயர் என்பதால், உங்கள் குக்கிராமத்தின் பெயர் தென்படவில்லை என்று விட்டுவிடாதீர்கள். பட்டாவில் என்ன கிராமப் பெயர் அச்சாகியிருக்கிறதோ அதைத் தேடுங்கள். பட்டியலைப் பார்த்த தேதியை மேலே எழுதி, அன்றே அச்செடுத்து வையுங்கள். பெயர்கள் சேர்வதும் நீங்குவதும் உண்டு. அன்றைக்கு என்ன இருந்தது என்பதற்கு உங்கள் கையிலுள்ள தாளே சாட்சி.

பெயர்களைப் பார்க்கும்போது தகுதி விதிகள் பக்கத்தில் இருக்க வேண்டும். 2019 பிப்ரவரி 1 அன்று நிலப் பதிவேட்டில் பெயர் இருந்திருக்க வேண்டும். அதன் பிறகு வாரிசுரிமையாக வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. கணவன், மனைவி, 18 வயது நிறையாத பிள்ளைகள் சேர்ந்ததே ஒரு குடும்பம். ஒரு குடும்பத்துக்கு ஒரு பயன்தான். நிறுவனங்களின் பெயரிலுள்ள நிலம், இன்னாள் முன்னாள் அமைச்சர்கள், நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள், மாநகராட்சி மேயர்கள், மாவட்ட ஊராட்சித் தலைவர்கள், பணியிலுள்ள மற்றும் ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள், மாதம் ரூ. 10,000 அல்லது அதற்கு மேல் ஓய்வூதியம் பெறுகிறவர்கள், கடந்த மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவர்கள், பதிவுபெற்றுத் தொழில் நடத்தும் மருத்துவர், பொறியாளர், வழக்கறிஞர், பட்டயக் கணக்கர், கட்டடக் கலைஞர் ஆகியோருக்குத் தகுதி இல்லை. நான்காம் பிரிவு ஊழியர்களுக்கும் அப்பிரிவில் ஓய்வுபெற்றவர்களுக்கும் இந்தத் தடை பொருந்தாது; பலர் இதை அறியாமல் அலுவலக உதவியாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரைப் பற்றிப் புகார் எழுதிவிடுகிறார்கள்.

குத்தகை விவசாயிக்கு இந்தத் திட்டத்தில் இடமே இல்லை. நிலத்தில் இறங்கிச் சேறு மிதிக்கிறவருக்கு எதுவும் வராமல், சென்னையில் குடியிருக்கும் பட்டாதாரருக்குத் தொகை வருவதை நீங்கள் உங்கள் பட்டியலிலேயே காணலாம். அது விதியின் குறை. பட்டியலின் பிழை அல்ல. இரண்டையும் கலந்து பேசினால் இரண்டுமே எடுபடாது.

மாநிலத் திட்டங்களைப் பொறுத்தவரை, உழவன் செயலியில் எந்தக் கருவிக்கு எவ்வளவு மானியம், யாருக்குத் தகுதி என்ற விவரங்கள் இருக்கின்றன. பெயர்களுக்கு மனு எழுத வேண்டும்.

மனு எழுதுதல்

நான் எழுதிய முதல் மனுவில், எங்கள் வட்டாரத்தில் பத்து ஆண்டுகளில் அனைத்துத் திட்டங்களிலும் பயன்பெற்ற அனைவரின் அனைத்து விவரங்களையும் கேட்டிருந்தேன். தகவல் அவ்வாறு தொகுக்கப்பட்ட நிலையில் இல்லை என்று ஒரு வரிப் பதில் வந்தது. மிகப் பரந்த கேள்விக்கு அலுவலகத்தின் நேரமும் ஆளும் அளவுக்கு மீறிச் செலவாகும் என்று காரணம் சொல்வது அவர்களுக்கு எளிது. ஓர் ஊராட்சி, ஒரு திட்டம், ஒரு நிதியாண்டு என்று குறுக்கிக் கேட்ட அடுத்த மனுவுக்கு 26 நாளில் பட்டியல் வந்தது. கேள்வி எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு மறுப்பதற்கு இடம் இல்லாமல் போகிறது.

யாருக்கு எழுதுவது என்பதில் குழம்ப வேண்டியதில்லை. விதை, உயிர் உரம், பிஎம் கிசான் போன்றவற்றுக்கு வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகம். பழம், காய்கறி, மலர், அவற்றுக்கான சொட்டுநீர்ப் பாசனத்துக்குத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம். கருவிகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகம். உறையின் மேல் பொதுத் தகவல் அலுவலர் என்று எழுதி அலுவலகப் பெயரை எழுதினால் போதும். தவறான இடத்துக்குப் போய்விட்டாலும், பிரிவு 6(3)-இன்படி 5 நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு அதை அனுப்பிவைக்க வேண்டியது அவர்கள் கடமை.

பயிர்க்கடன் தள்ளுபடி மட்டும் சற்றுச் சிக்கலானது. 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் ரூ. 12,110 கோடி கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. அதில் உங்கள் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயன்பெற்றவர்கள் யார் என்று கேட்டால், சங்கம் பொது அதிகார அமைப்பே அல்ல என்ற பதில் வரலாம். கேரளத்துச் சங்கம் ஒன்றைப் பற்றிய வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் கூறியதும் அதுதான். ஆனால் சட்டப்படி சங்கத்திடமிருந்து பதிவாளர் பெறக்கூடிய தகவலைப் பதிவாளர் வழியாகக் கேட்கலாம் என்றும் அதே தீர்ப்பு ஏற்றுக்கொள்கிறது. ஆகவே மனுவைச் சங்கச் செயலாளருக்கு எழுதாமல், கூட்டுறவுச் சங்கங்களின் துணைப் பதிவாளர் அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

மனுவின் உடல் இப்படி இருக்கலாம்:

"தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன்கீழ்க் கீழ்க்கண்ட தகவல்களைக் கோருகிறேன். 1. 2024-25 நிதியாண்டில் ______ ஊராட்சியில் ______ திட்டத்தின்கீழ் மானியம் பெற்றவர்களின் பட்டியல்: பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், கிராமம், புல எண், விவசாயிப் பிரிவு, வழங்கப்பட்ட பொருள், மானியத் தொகை, வழங்கிய தேதி, பொருள் வழங்கிய நிறுவனத்தின் பெயர் ஆகிய விவரங்களுடன். 2. அதே ஆண்டில் அத்திட்டத்துக்கு இவ்வட்டாரத்துக்கு ஒதுக்கப்பட்ட இலக்கும் நிதியும், பிரிவு வாரியாக. 3. அதே ஊராட்சியிலிருந்து அத்திட்டத்துக்கு வந்த விண்ணப்பங்களின் பதிவேட்டு நகல், விண்ணப்பித்த தேதியுடன். 4. மேற்கண்ட ஆவணங்களைப் பிரிவு 2(ஒ)-இன்படி நேரில் பார்வையிட அனுமதி. ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண் ஆகியவை எனக்குத் தேவையில்லை. அவை இருந்தால் மறைத்துவிட்டு மற்றவற்றை வழங்குக. இத்தகவல், சட்டத்தின் பிரிவு 4(1)(ஆ)-வின் பன்னிரண்டாம் இனத்தின்படி தாமாக வெளியிடப்பட வேண்டியது ஆகும்."

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். கிடைத்தவர்களின் பட்டியல் பாதிச் செய்தியைத்தான் சொல்லும். மார்ச்சில் விண்ணப்பித்தவர் இன்னும் காத்திருக்க, நவம்பரில் விண்ணப்பித்தவருக்கு டிசம்பரில் ரோட்டவேட்டர் வந்திருந்தால், அது விண்ணப்பப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மட்டுமே தெரியும். என் அனுபவத்தில் முறைகேட்டைவிட இந்த வரிசை மீறல்தான் அதிகம். இதனால் பாதிக்கப்படுகிறவர்கள், அலுவலகத்தில் தெரிந்தவர் யாரும் இல்லாத ஏழை விவசாயிகள்.

மனுவில் ரூ. 10-க்கு நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். மாநில அரசின் தகவல் உரிமை இணையதளம் வழியாகவும் அனுப்பலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் சான்று இணைத்தால் கட்டணம் வேண்டாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று பிரிவு 6(2) தெளிவாகச் சொல்கிறது. அலுவலகத்திலிருந்து யாராவது தொலைபேசியில் அழைத்துக் காரணம் கேட்டால், மரியாதையாக அதையே சொல்லுங்கள். அனுப்பிய நாளையும் அவர்களுக்குக் கிடைத்த நாளையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அதற்கு மேல் தாமதமானால், பிரிவு 7(6)-இன்படி நகல் கட்டணம் இல்லாமல் தர வேண்டும்.

தனிநபர் தகவல் என்று மறுத்தால்

இன்றைக்குப் புதியவர்கள் சந்திக்கும் பெரிய தடை இதுதான். முன்பு பிரிவு 8(1)(ஒ), பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத அல்லது தனியுரிமையில் தேவையின்றித் தலையிடும் தனிநபர் தகவலை மட்டுமே மறுக்க இடம் கொடுத்தது. அப்போதும் பொதுநலன் இருந்தால் தரலாம் என்றது. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்றது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த நிபந்தனைகளையெல்லாம் நீக்கி, தனிநபர் தொடர்பான தகவல் என்றாலே மறுக்கலாம் என்பதுபோல் அந்தப் பிரிவைச் சுருக்கிவிட்டது. இந்தத் திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இது குடிமக்களிடமிருந்து பறிக்கப்பட்ட உரிமை என்பதே என் உறுதியான எண்ணம்.

ஆனாலும் கதவு முழுதாக மூடப்படவில்லை. பயனாளிகள் விவரத்தைத் தாமாக வெளியிடச் சொல்லும் பிரிவு 4(1)(ஆ)-வில் யாரும் கை வைக்கவில்லை. கேடு விளைவதைவிடப் பொதுநலன் மிகுதியாக இருந்தால் விலக்களிக்கப்பட்ட தகவலையும் தரலாம் என்னும் பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது. மறைக்க வேண்டியதை மறைத்துவிட்டு மற்றதைத் தரச் சொல்லும் பிரிவு 10-உம் இருக்கிறது. எனவே மறுப்புக் கடிதம் வந்தால், மேல்முறையீட்டில் இந்த மூன்றையும் எழுதுங்கள். ஆதார் எண்ணும் கணக்கு எண்ணும் வேண்டாம் என்று மனுவிலேயே நாம் சொல்லியிருப்பது இங்கேதான் கை கொடுக்கும். இதே அலுவலகம் சார்ந்த மத்தியத் திட்டம் ஒன்றின் பெயர்ப்பட்டியல் பிஎம் கிசான் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கையில், மாநில மானியத்துக்கு மட்டும் பெயர் ரகசியமாவது எப்படி என்றும் கேளுங்கள்.

தனியுரிமைக்கும் வெளிப்படைத்தன்மைக்கும் நடக்கும் இந்த இழுபறி நமக்கு மட்டும் வந்ததல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் வேளாண் மானியம் பெறுவோரின் பெயர்களை இணையத்தில் வெளியிடுவதை எதிர்த்து ஜெர்மனியின் ஹெஸ்ஸென் மாநில விவசாயிகள் வழக்குத் தொடுத்தார்கள். 2010 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், தனிமனிதர்களைப் பொறுத்தவரை எந்த வேறுபாடும் பார்க்காமல் எல்லோர் பெயரையும் வெளியிட்ட அந்த விதிகளைச் செல்லாது என்றது. அதற்காக அவர்கள் பட்டியலையே கைவிடவில்லை. 2013-இல் விதியைத் திருத்தி எழுதினார்கள். மிகச் சிறிய தொகை பெறுவோரின் பெயரை மட்டும் மறைத்து, மற்றவர்களின் பெயரும் தொகையும் ஆண்டுதோறும் வெளியாகின்றன. சிறு விவசாயியின் தனியுரிமையைக் காக்கவும் பெருந்தொகை போகும் இடத்தைக் காட்டவும் ஒரே விதியில் வழி உண்டு என்பதற்கு இது போதும்.

முதல் மேல்முறையீட்டை, மறுப்புக் கிடைத்த அல்லது 30 நாள் முடிந்த தேதியிலிருந்து 30 நாளுக்குள், அதே துறையின் மேல்நிலை அலுவலருக்கு எழுத வேண்டும். அவருக்கு 30 நாள், காரணம் எழுதிப் பதிந்தால் 45 நாள் வரை அவகாசம் உண்டு. அங்கும் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. காரணமின்றித் தகவல் தராத அலுவலருக்கு நாள் ஒன்றுக்கு ரூ. 250 வீதம் ரூ. 25,000 வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. ஆணையத்தில் விசாரணைக்கு வர நெடுங்காலம் ஆகும் என்பதால், காத்திருக்கும்போதே அடுத்த நிதியாண்டுக்கான மனுவைப் போட்டுவிடுவது நல்லது.

பட்டியலை நிலத்தோடு ஒத்துப் பார்த்தல்

பட்டியல் வந்ததும் ஊர் டீக்கடையில் விரித்துப் படிக்கத் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நான் தொடக்கத்தில் சொன்ன அந்த நான்கு பெயர்களின் கதையைக் கேளுங்கள். இருவர் எங்கள் தெருக்காரர்களே. ஊர் அவர்களைப் பட்டப்பெயரால் மட்டுமே அழைத்து வந்ததால், ஆதாரில் இருந்த பெயரை அவர்களுடைய சம்பந்திகள்கூட அறிந்திருக்கவில்லை. மூன்றாமவர் பக்கத்து ஊரில் குடியிருந்து எங்கள் ஊர் எல்லையில் நிலம் வைத்திருப்பவர். நான்காவது பெயருக்கு மட்டும் எங்கள் வருவாய்க் கிராமத்தின் 'அ' பதிவேட்டில் (யாருக்கு எவ்வளவு நிலம் என்று காட்டும் பதிவேடு) ஒரு சென்ட் நிலமும் இல்லை. முதல் நாளே நான்கு பேரும் போலிகள் என்று நான் பேசியிருந்தால், மூன்று நேர்மையான குடும்பங்களை அவமானப்படுத்தியிருப்பேன்.

சரிபார்க்கும் வரிசை இது. பட்டியலிலுள்ள புல எண்ணை எடுத்துக்கொண்டு, அரசின் மின் சேவை இணையதளத்தில் பட்டா, சிட்டா விவரத்தைப் பாருங்கள். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் தந்தால் பட்டாதாரர் பெயரும் நில அளவும் தெரியும். பட்டா இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே இருந்து, பயன் பேரனுக்குப் போயிருந்தால் அது பெயர் மாற்றம் செய்யாத சோம்பலாக இருக்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். நில அளவைப் பார்த்தால் பிரிவுச் சான்று சரியா என்று தெரிந்துவிடும்: இரண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி, 5 ஏக்கர் வரை சிறு விவசாயி. அதே புல எண் இரண்டு பெயர்களில் வந்திருக்கிறதா, அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரே நிலத்துக்கு மறுபடி வந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நிலத்துக்கே போய்ப் பாருங்கள். சொட்டுநீர்க் குழாய் போட்ட நிலத்தில், பயிர் மாறியிருந்தாலும் பிரதானக் குழாயும் வடிகட்டியும் இருக்க வேண்டும். கிணற்றடியில் அந்த வடிகட்டி நின்ற சிமென்ட் திண்டின் அடையாளம்கூட இல்லையென்றால் கேள்வி கேட்க இடம் இருக்கிறது.

பட்டியலில் பெயர் இருந்தும் பணம் வராதவர்களும் இருப்பார்கள். எங்கள் ஊரில் ஒரு பாட்டி, தன் பெயர் இருப்பதைக் காட்டியதும், ஒரு பைசாவும் வரவில்லை என்று வங்கிப் புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தார். எல்லாப் பக்கமும் வெறுமையாகத்தான் இருந்தது. யாரோ சுருட்டிவிட்டார்கள் என்று ஊரே கொதித்தது. விசாரித்ததில், மகளிர் குழுக் கடனுக்காக வேறொரு வங்கியில் அவர் தொடங்கிய கணக்கு ஆதாருடன் கடைசியாக இணைக்கப்பட்டிருந்ததால், தவணைகள் எல்லாம் அங்கே போய்க் கிடந்தன. அந்தப் புத்தகம் அவர் வீட்டுப் பரணில் ஒரு துணிப்பைக்குள் இருந்தது. ஆகவே பணம் வரவில்லை என்ற புகாரில், ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது, மின்னணு சுயவிவரச் சரிபார்ப்பு (இ-கேஒய்சி) முடிந்திருக்கிறதா, நில விவரம் இணைக்கப்பட்டிருக்கிறதா என்ற மூன்றையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

கண்டுபிடித்ததை எங்கே கொண்டுபோவது

ஊருக்குள் முதல் இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. அங்கே தனிமனிதர் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டுவதைவிட, இன்ன திட்டத்தின் பயனாளிகள் பட்டியலை நிதியாண்டு முடிந்ததும் ஊராட்சி அலுவலகத்திலும் விரிவாக்க மையத்திலும் ஒட்ட வேண்டும், அடுத்த கிராம சபையில் வாசிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். தீர்மானப் புத்தகத்தில் அது எழுதப்பட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் போடாதீர்கள்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம், இந்த வேலைக்கு மிகப் பொருத்தமான இடம். எல்லாத் துறை அலுவலர்களும் அங்கே ஒரே வரிசையில் அமர்ந்திருப்பார்கள். மனுவை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை எண் வாங்கி, அடுத்த மாதம் அந்த எண்ணைச் சொல்லி எழுந்து நில்லுங்கள். மானியத்துக்குக் கையூட்டு கேட்கப்பட்டிருந்தால், அது ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறைக்குப் போக வேண்டிய விஷயம். தகுதியில்லாமல் பிஎம் கிசான் தொகை வாங்கிவிட்ட ஒருவர் மனம் மாறித் திருப்பிக் கட்ட விரும்பினால், அதற்கான வசதியும் பயனைத் தாமாக விட்டுக்கொடுக்கும் வசதியும் அதே இணையதளத்தில் இருக்கின்றன. ஊரில் நீங்கள் நேரில் போய் அமைதியாக எடுத்துச் சொன்னால் அதைச் செய்ய முன்வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பெயரை வெளியில் சொல்லாதீர்கள்.

கிடைத்த பட்டியலை வாட்ஸ்அப்பில் படம் எடுத்துப் பரப்புவதும் வேண்டாம். அலுவலகம் மறைக்க மறந்த கைபேசி எண்ணோ கணக்கு எண்ணோ அதில் இருந்தால், கருப்பு மையால் அடித்த பிறகே நகல் எடுங்கள். ஒரு விவசாயியின் எண் மோசடிக்காரர் கையில் சிக்கினால், அடுத்த தவணையை வெளியிட ஓடிபி சொல்லுங்கள் என்று அழைப்பு வர ஒரு வாரம்கூட ஆகாது.

அந்த நான்காவது பெயரைப் பற்றி நான் குறைதீர்க்கும் கூட்டத்தில் புல எண்ணோடு மனுக் கொடுத்தேன். மூன்றாவது மாதம், பயன் நிறுத்தப்பட்டு வசூல் நடவடிக்கை தொடங்கியுள்ளது என்று இரண்டு வரியில் கடிதம் வந்தது. அதே வாரம் விரிவாக்க மையத்துக்குப் போனபோது, சுவரில் அந்தப் பிய்ந்த தாள் இருந்த இடத்தில் நடப்பு ஆண்டின் பட்டியல், நெகிழி உறைக்குள் வைத்து ஒட்டப்பட்டிருந்தது. 23 பெயர்கள். நின்று எல்லாவற்றையும் என் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன்.